நாற்பத்தொன்றாம் பெட்டி

அன்புள்ள மருமகள் நீவெஸுக்கு, உன் மாமா லெயார்கோ எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், நீயும் நார்வே குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த வெள்ளம் வரும் என்று நான் பிப்ரவரியிலேயே காபிக் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், நூலகத்தின் கீழ்த்தளம்தான் முதலில் போகும் என்றும் சொன்னேன், அப்போது சிரித்தவர்கள் இப்போது என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார்கள். உன் அம்மா முப்பது வருஷம் காத்த அலமாரிகள் மூன்று மணி நேரத்தில் சேற்றுக்குள் போய்விட்டன. உன் அப்பா ஒவ்வொரு நாள் காலையிலும் ஆற்று மட்டத்தை அளந்து எழுதிய ஏழு நோட்டுகளும் அங்கேதான் இருந்தன, அவர் போன பிறகு அவள்தான் அவற்றை நூலகத்துக்குக் கொடுத்தாள். அவர் கையெழுத்து வேறு எங்கும் இல்லை, உனக்கே தெரியும்.

மறுநாள் ஊரே பூட்ஸோடு வந்தது. எல்லோருக்கும் நல்ல மனசு, ஆனால் பேக்கரி ஒரெஸ்தே இரண்டு புத்தகத்தைச் சூடான அடுப்பில் வைத்துக் கருவாடாக்கிவிட்டான். அதற்குள் நகரத்திலிருந்து மிரெல்லா என்று ஒரு பெண் வந்தாள், கெட்டுப்போன புத்தகத்துக்கு வைத்தியம் பார்ப்பவள், எதையும் திறக்காதீங்க, ஈரத்தோடவே உறைய வச்சிடுங்க, இல்லேன்னா பூஞ்சை புடிச்சிடும் என்றாள். நனைந்ததைக் காயவைப்பார்களா, ஐஸ் வைப்பார்களா, எனக்கு இன்றுவரை புரியவில்லை. அப்புறம் ஏதோ இயந்திரத்தில் காற்றை உறிஞ்சினால் ஐஸ் தண்ணீராகாமலே பறந்துவிடுமாம், நான் தலையை ஆட்டி வைத்தேன். ஆனால் குளிர்க்கிடங்கு என்றதும் எல்லோரும் யாரைப் பார்த்தார்கள்? மீன் கிடங்கு வைத்திருக்கும் என்னைத்தான். மத்தி மீனையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி, பாதி நூலகத்தை என் முதுகிலேயே சுமந்து உள்ளே வைத்தேன், மற்றவர்களும் கொஞ்சம் தூக்கினார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி.

இங்கேதான் குழப்பம். பெட்டிமேல் எழுதுங்கள் என்று மிரெல்லா சொன்னாள், நானும் எங்கள் கிடங்கு ஆட்களும் எழுதினோம், முப்பது வருஷமாக மீன் பெட்டியில் எப்படி எழுதுகிறோமோ அப்படியே, வரிசை எண், தேதி, எத்தனை கிலோ என்று. உள்ளே என்ன புத்தகம் என்று ஒருத்தனும் எழுதவில்லை. அவள் வந்து பார்த்துவிட்டு, ஏங்க, இது என்ன மீன் ஏலமா என்று கேட்டாள், நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். இப்போது பிரித்துப் பார்க்கவும் முடியாது, கட்டியாக உறைந்துவிட்டது. கீழ்த்தளத்தில் வழித்த சேற்றை நான்கு லாரி கொண்டுபோய்க் கொட்டிவிட்டது, அதில் என்னவெல்லாம் போனதோ.

உன் அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் கிடங்கு வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, லெயார்கோ, அவரோட நோட்டு எங்கடா, உன் கண்ணால பாத்தியா, அதைச் சொல்லு என்றாள். பார்த்தேன் அக்கா, நானே துணியில் சுற்றி நாற்பத்தொன்றாம் பெட்டியில் வைத்தேன் என்றேன். அன்று இரண்டு தட்டு சூப் குடித்தாள், நன்றாகத் தூங்கினாள். இப்போது அவள் மிரெல்லாவிடம் கெஞ்சி, நாற்பத்தொன்றைத்தான் முதலில் உலர்த்த வேண்டும் என்று சம்மதம் வாங்கிவிட்டாள். வரும் வியாழக்கிழமை பிரிக்கிறார்கள், அவள் நீலக் கோட்டைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். வியாழனுக்கு முன்னால் எனக்கு மட்டும் போன் செய், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். கண்ணு, நான் அந்த நோட்டுகளைப் பார்க்கவே இல்லை. வாயில் வந்த எண்ணைச் சொன்னேன்.

உன் மாமா,
லெயார்கோ