சுபாவுக்குப் பக்கத்து சீட்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

கச்சான் காற்று. ஏரியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. நண்டு சுமார்தான்.

கரைக்கு வந்தால் வீட்டில் அதைவிடப் பெரிய காற்று. என் பெண்டாட்டி கஸ்தூரியின் மகளிர் குழு வைத்திருக்கும் குட்டி யானை லோடு வண்டியை ஓட்டுகிற விக்கிக்குக் காட்டுப்பள்ளி பக்கம் வேலை கிடைத்துவிட்டதாம். ஆயுத பூஜையோடு நின்றுகொள்கிறான். அப்புறம் குழுவின் மீன் பெட்டிகளைப் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி மார்க்கெட்டுக்கு யார் கொண்டுபோவது? "நான் ஓட்டுறேன்" என்கிறாள் என் மகள் சுபஸ்ரீ. மே மாதம்தான் பதினெட்டு முடிந்தது.

பொட்டப்புள்ளைக்கு இன்னா லோடு வண்டி என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "பன்னண்டு வயசுல போட்டு இன்ஜினை என் கையில குடுத்தது யாரு நைனா?" என்றாள். வழக்கமாக என்ன செய்வேனோ அதைச் செய்தேன், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனேன். அரை மணியில் பசித்தது. நானே போட்டுத் தின்றேன்.

கடலில் எதிரே எவனும் வரமாட்டான். அந்த ரோட்டில் மணல் லாரி வரும், கண்டெய்னர் வரும், குடிகாரன் வருவான். பயமாக இருக்கிறது. இதை வெளியில் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

நான் சுபாவிடம் பேசவில்லை. சுபா என்னிடம் பேசவில்லை. கஸ்தூரி ரெண்டு பேரிடமும் பேசவில்லை. மடவை மீன் இரண்டு கூடை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

எல்.எல்.ஆர். வாங்கிவிட்டாள். ஆத்தாளும் மகளும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். இந்த வீட்டில் நான் யார்? வாடகைக்கு இருக்கிறேனா?

போட்டோவில் மட்டும் நன்றாக இருக்கிறாள். என் மூக்கு.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஏரி வற்றின மேட்டில் விக்கி அவளுக்கு வண்டி சொல்லித் தருகிறான் என்று முத்துராஜ் சொன்னான். என் போட்டில் கூட வருகிறவன், மச்சான் முறை, ஊர்க்கதை அத்தனையும் அவன் வாயில்தான். பார்க்கப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் போய்விட்டது.

வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது தரை. அதில் அவள் போகிறாள், வளைகிறாள், பின்னால் வருகிறாள். முதல் நாள் ஸ்டீயரிங்கை ஒவ்வொரு தடவையும் தப்பாகத்தான் திருப்பினாளாம். வேறு எப்படி இருக்கும்? போட்டு இடது பக்கம் போக வேண்டுமென்றால் இன்ஜின் பிடியை வலது பக்கம் தள்ள வேண்டும். ஆறு வருஷப் பழக்கம் கையில் ஊறிக் கிடக்கிறது. அதை ரெண்டே நாளில் மாற்றிக்கொண்டாள் என்று விக்கி சொன்னான்.

என்னைப் பார்த்துவிட்டாள். "நீயும் ஒரு தபா ஓட்டிப் பாரு நைனா."

முப்பது வருஷமாக முகத்துவாரத்து அலையைத் தாண்டுகிறவனுக்கு இது ஒரு டப்பா என்று ஏறி உட்கார்ந்தேன். இடது பக்கம் கருவேல முள் வந்தது. வலது பக்கம் ஒதுங்க வேண்டும். கை என்ன செய்தது? இடது பக்கம் திருப்பியது! சரி, நின்றுவிடும் என்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போட்டு கரை ஒதுங்குகிற மாதிரி தானாக நிற்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். "பிரேக்கு, பிரேக்கு!" என்று விக்கி அலறுகிறான். போட்டில் ஏதுடா பிரேக்கு? நேராக முள்ளுக்குள்.

விக்கி விழுந்து விழுந்து சிரித்தான். சுபா சிரிக்கவில்லை. என் கையில் ஏறின முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "எனக்கும் மொத நாள் இப்டித்தான் இருந்துச்சு" என்றாள். நானாக இருந்தால் ஊரைக் கூட்டிச் சிரித்திருப்பேன். இந்தப் பொறுமை யாரிடமிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை, அது நிச்சயம்.

25 செப்டம்பர், வியாழன்

பாஸ். "எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். "ஏரியில சார்" என்றாளாம். கஸ்தூரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

பாஸானால் என்ன, வண்டியை எடுக்கலாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

3 அக்டோபர், வெள்ளி

கடலுக்குப் போகவில்லை. இடுப்பு வலி என்று முத்துராஜிடம் பொய் சொன்னேன்.

விடியும் நேரத்தில் எட்டுப் பெட்டி ஏற்றினார்கள். முன்னால் சுபா, கஸ்தூரி, குழுத் தலைவி முத்தம்மா அக்கா. கிளப்புவதற்கு முன்னால் சுபா வண்டியை ஒரு சுற்று வந்து நாலு டயரையும் கையால் அழுத்திப் பார்த்தாள், கயிற்றை இழுத்துப் பார்த்தாள். இதை விக்கி ஒரு நாளும் செய்ததில்லை. வண்டி கிளம்பினதும் என் வாய் சும்மா இருந்ததா? "சுபா! பாத்து! லாரி!" என்று பின்னாலேயே கூப்பிட்டேன். வண்டி நின்றது. கஸ்தூரி தலையை வெளியே நீட்டினாள்.

"கடலுக்குப் போற உன்னை நான் ஒரு நாளாவது பின்னால கூப்ட்டிருக்கனா?"

இல்லை. ஒரு நாளும் இல்லை.

போய்விட்டார்கள். நான் தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். போன் போட்டேன், பதினொரு தடவை. எடுக்கவில்லை. செத்தேபோனேன். பத்து மணிக்கு வண்டி வந்தது. இறங்கின சுபா, "ஓட்டும்போது போன் எடுக்கமாட்டேன், இனிமே அடிக்காத" என்று அதட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

நான் கஸ்தூரியைப் பிடித்துக்கொண்டேன். இன்னா ஆச்சோ ஏதாச்சோன்னு ஒருத்தன் இங்க துடிக்கிறான், உனக்குக் கொஞ்சமாவது... என்று ஆரம்பித்தேன். அவள் காலிப் பெட்டியைக் கழுவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "இருபத்திரெண்டு வருசமா நான் கரையில நின்னேன்யா. இப்ப நீ நில்லு."

காற்று அடித்த ராத்திரிகளில் இவள் எப்படி இருந்திருப்பாள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? வந்ததும் சோறு எங்கே என்றுதான் கேட்டிருக்கிறேன்.

21 அக்டோபர், செவ்வாய்

வலை வாங்கப் பொன்னேரிக்குப் பஸ்ஸில் போனேன். "நம்ம வண்டியிலயே வாயேன், நான் பஸ்ல வரேன்" என்று கஸ்தூரி கூப்பிட்டாள். எனக்குப் பஸ்தான் வசதி என்றேன். உண்மை அது இல்லை. அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு லாரிக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை அவள் பார்த்துவிட்டால்?

திருப்பாலைவனம் தாண்டி முன்னால் எங்கள் வண்டி. பஸ்காரன் ஹாரனை அமுக்குகிறான். சுபா பதறவில்லை. அகலமான இடம் வரும்வரை தன் வேகத்திலேயே போய், கையைக் காட்டி ஒதுங்கி, வழிவிட்டாள். "பொண்ணுய்யா ஓட்டுது! யாரு வூட்டுப் புள்ள அது, இம்மா நிதானமா?" என்றார் கண்டக்டர்.

"எங்க ஊருதான்" என்றேன்.

எங்க ஊருதான்! என் பொண்ணு என்று சொல்ல என்ன கேடு? கேணப்பயல் நான்.

12 நவம்பர், புதன்

நாலு நாளாக மழை. யாரும் கடலுக்குப் போகவில்லை. ஏரியிலிருந்து மட்டும் இறால் வந்தது.

சுபா பாதி வழியில் திரும்பிவிட்டாள். தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் போயிருக்கிறது. மற்ற வண்டிகள் எல்லாம் தாண்டிப் போயிருக்கின்றன, ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை. இவள் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு, ஏழு பெட்டி இறாலோடு திரும்பியிருக்கிறாள். ஐஸ் போதவில்லை. பாதி இறால் கருப்படித்து, வந்த விலைக்குத் தள்ளினார்கள். குழுப் பெண்கள் வாயிலிருந்து வந்தது எல்லாம் எழுத முடியாது.

முத்துராஜ் சும்மா இருப்பானா? "இன்னா மாமா, கடல்காரன் பொண்ணு முழங்கால் தண்ணியைப் பாத்து பயந்துடுச்சாமே!" சட்டையைப் பிடித்துவிட்டேன். ரெண்டு பேர் வந்து பிரித்தார்கள்.

வீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ஏன் திரும்பினே என்று கேட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"தண்ணி கொஞ்சந்தான் நைனா. ஆனா குறுக்கால இழுக்குது. செருப்பைக் கழட்டிப் போட்டுப் பாத்தேன், சர்ருனு போயிடுச்சு. ரோட்டு விளிம்பு எங்க முடியுதுன்னு தெரில. பக்கத்துல அம்மா, முத்தம்மா அக்கா. போனவங்க போனாங்க. எனக்குத் தெரியாத எடத்துல நான் வண்டிய வுடமாட்டேன்."

நான் அவள் தலையில் கை வைத்தேன்.

முகத்துவாரத்தில் நான் திரும்பிய நாட்கள் உண்டு. எனக்குப் பின்னால் வந்தவன் அலையைத் தாண்டிப்போய் வலை நிறைய அள்ளி வந்து என் முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, திரும்ப வேண்டிய நாளில் திரும்பாமல் போயும் இருக்கிறேன். கவிழாமல் வந்தது என் சாமர்த்தியம் இல்லை. இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள எனக்கு நாற்பது வயது ஆனது. பதினெட்டு வயதில் இவளுக்கு எப்படி வந்தது? என் மகள் என்பதால் எழுதவில்லை. எவன் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதைத்தான் எழுதுவேன்.

13 நவம்பர், வியாழன்

வேறு டிரைவர் போடலாம் என்று பேசக் குழு கூடியது. பெண்கள் கூட்டத்தில் எனக்கு என்ன வேலை? வாசலில்தான் நின்றேன். உள்ளே ஒருத்தி, "பயப்படுற புள்ளைய வெச்சிக்கினு யாவாரம் பண்ண முடியுமா?" என்றாள். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"நாளைக்குத் தண்ணி இருந்தா நாளைக்கும் திரும்பித்தான் வருவா. அது புடிக்கலன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க. ஆனா உங்க வூட்டுப் பொம்பளைங்களை அந்த ஆளு பக்கத்துல உக்கார வெக்கறதுக்கு முன்னாடி யோசிங்க!"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே சுபாவுக்கு வண்டி கூடாது என்று தெரு அதிரக் கத்தினவன் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

முத்தம்மா அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். எனக்கு உசுரு வேணும். சுபாவே ஓட்டட்டும்." கூட்டம் அதோடு முடிந்தது.

ராத்திரி எனக்கு மட்டும் ரெண்டு மீன் துண்டு அதிகம் விழுந்தது.

30 நவம்பர், ஞாயிறு

மழை. ஓய்வு. சுபா வண்டிக்கு அடியில் படுத்து என்னமோ முடுக்குகிறாள். டார்ச் பிடித்தேன்.

11 டிசம்பர், வியாழன்

வாடைக்காற்று. போட்டு இன்ஜின் நேற்றே மக்கர் பண்ணியது. பொன்னேரி மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். மீன் பெட்டிகளோடு பின்னால் ஏற்றிக் கட்டினோம். "முன்னாடி நீ உக்காரு" என்று கஸ்தூரி முத்தம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வேண்டுமென்றேதான்.

ஏறினேன். பெல்ட்டைச் சுபாவே இழுத்து மாட்டிவிட்டாள். எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியையும் நானும் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்று முடிவோடு இருந்தேன். பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு மாடு. நிறுத்தினாள். அப்புறம் ஒரு கண்டெய்னர் லாரி, ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு. ஒதுங்கி, அது போகும்வரை நின்றாள். அதுவரை ஞாபகம் இருக்கிறது.

"நைனா, எழுந்திரு. பொன்னேரி வந்துடுச்சு."

வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

சாயங்காலம் கஸ்தூரி மீன் அரிந்துகொண்டே கேட்டாள். "எப்டி ஓட்டுறா உன் பொண்ணு?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன். "நான் தூங்கிட்டேன்."