செம்பட்டை ஹஸ்கிக்கு முடி வழிக்க வேண்டாம்

என்னங்க,

சோறும் மத்தி மீன்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நாய்க்கு முடி வழிக்க நீங்கள் வரச்சொன்ன ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பனிநாட்டு நாயான ஹஸ்கிக்கு அந்த முடிதான் வெயிலுக்கும் குடை. வழித்தால் தோல் வெந்துபோகும். கட்சியின் ஒன்றியச் செயலாளரான உங்களுக்கு இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது?

வரப்புத் தகராறில் உங்கள் தம்பி உத்திராபதியை மிரட்டத்தானே இந்தச் செம்பட்டை நிற நாயைத் தேடி வாங்கினீர்கள்? ஊரே நரி என்று சிரிக்கிறது. அதுவோ உங்கள் தம்பியைக் கண்டால் வாலாட்டுகிறது. அதற்காக நேற்று அதை உதைத்தீர்களே, பெரிய வீரம்தான்!

நான் மன்னார்குடிக்குப் போகிறேன். நாளைதான் வருவேன்.

பி.கு.: நாயைத் தேடாதீர்கள். காலையிலேயே நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தது. உத்திராபதி வீட்டு ஏசி அறையில் விட்டிருக்கிறேன். வேண்டுமென்றால், மூன்று வருஷமாகப் பேசாத தம்பியிடம் நீங்களே போய்க் கேட்டுக் கூட்டி வாருங்கள்.

தனபாக்கியம்