வெளுத்த குளம்

திருப்பூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சத்யப்பிரியா அக்காவுக்கு,

இல்லை, அப்பாவோடு சண்டை எதுவும் இல்லை. அவர் உட்காரும் இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. போனில் சொன்னால் பாதியில் "அவரைப் பத்தித் தெரியாதா கண்ணு" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள குளத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோமே. இடுப்பளவுத் தண்ணீர்தான். படித்து முடித்து நான் குளக் கமிட்டியில் சேர்ந்த பிறகு, இரண்டு வருடம் அலைந்து சாக்கடையைத் திருப்பிவிட்டோம். கரையோரம் கோரை நட்டோம். தண்ணீரை மூடியிருந்த பச்சைப் பாசி மெல்லக் குறைந்தது. தை மாதம் முழங்கால் ஆழத்தில் நின்றபோது என் கால்விரல்கள் தெரிந்தன. படம் அனுப்பினேன். நகத்தை வெட்டச் சொன்னாய்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். வெயிலில் பச்சை திரும்பி வந்தது. வரும், பிறகு அடங்கும் என்றேன். கமிட்டித் தலைவர் நம் அப்பா. "பனியன் துணியப் பால் மாதிரி வெளுக்கறமுங்க. இந்தக் குட்டை எம்மாத்திரமுங்க?" என்றார். கூட்டம் சிரித்தது. எல்லோரும் துணி வெளுக்கும் பட்டறைக்காரர்கள். அழுக்கு என்றால் அவர்களுக்கு ஒரே வைத்தியம். மறுநாள் நம் பட்டறையிலிருந்து, துணி வெளுக்கும் பெராக்சைடு கேன்கள் வந்தன. மீன் குத்தகைக்காரன் முனீஸிடம், மருந்து என்று சொல்லி, பரிசலை வாங்கினார் அப்பா. வேட்டியை மடித்துக் கட்டி அவரே ஊற்றினார்.

குளம் வெளுத்தது. விழாவில் கைதட்டினார்கள். "ரெண்டு வருசமாப் புல்லு நட்டே. நான் ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டேன் பாரு" என்றார் அப்பா. மேடையில் எனக்குச் சால்வை. அதைத் தொட அருவருப்பாக இருக்கிறது.

செத்த பாசி அழுகி, தண்ணீரில் இருந்த மூச்சையெல்லாம் தின்றுவிட்டது. மூன்றாம் நாள் மீன்கள் மிதந்தன. கரை முழுக்க வெள்ளை வயிறுகள். ஈ. ஒரு நாய் மோந்துவிட்டுத் திரும்பியது. பொக்லைன் வைத்து அள்ளினார்கள். அந்த வாடை என் தலைமுடியில் இருக்கிறது. சோற்றில் இருக்கிறது. எதிரில் அப்பா இரண்டாம் முறை ரசம் ஊற்றிப் பிசைகிறார்.

முனீஸ் கோழிக்கழிவு கொட்டியதால்தான் மீன் செத்தது என்று அப்பா போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார். கமிட்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்று சாயங்காலம் முனீஸை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவன். இங்கே அவனுக்கு யாரும் இல்லை. "கோழிக்கழிவ நாந் தின்னாலும் திம்பேன், மீனுக்குப் போட மாட்டேங்க்கா" என்றான்.

அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நீ படிச்சவ. நீ சொன்னா எடுபடும். கழிவுதான்னு ஒரு வார்த்தை சொல்லிரு சாமி."

சாமி. எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் அப்படிக் கூப்பிடுவார்.

அக்கா, இதைப் படித்ததும் அவருக்கு போன் செய். வேறெதுவும் பேச வேண்டாம். பிரஷர் மாத்திரை போட்டாரா என்று மட்டும் கேள். இனி நான் கேட்டால் பதில் சொல்ல மாட்டார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
தரணி

பி.கு.: இதை அனுப்பாமல் வைத்துவிட்டு முனீஸோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ஊற்றியது யார் என்று சொன்னேன். அப்பா பெயரை இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.