பார்க்கிங்கில் முதல் கார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம், நான் முக்கால்வாசி நலம், மிச்சத்தை இந்தக் கடிதத்திலேயே சொல்கிறேன், நீ அங்கே முழு நலமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். கண்ணைக் காட்டச் சொன்னதற்குப் போன மாதம் உன் மேல் எரிந்து விழுந்து போனை வைத்தேன், அதிலிருந்து நீ அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய், கடைசியில் அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு வைக்கிறாய், அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள், பக்கத்து அறையில் எனக்கு எல்லாம் கேட்கிறது.

ஆறு மாதமாக நான் ஏழு மணிக்கே பல்கலைக்கழகம் போய்விடுகிறேன். பாடம் தயார் பண்ணப் போகிறேன் என்று அம்மா நம்பினாள். எட்டரைக்கு மேல் போனால் இரண்டு கார்களுக்கு நடுவே பின்னால் எடுத்துச் சொருக வேண்டும், பின்னால் இருப்பது வண்டியா நிழலா என்றே எனக்குத் தெரிவதில்லை. ஏழு மணிக்கு இடமெல்லாம் காலி, நேராகக் கொண்டுபோய் விட்டுவிடலாம், சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்வரை அறையிலேயே உட்கார்ந்திருப்பேன். இதில் கூத்து என்னவென்றால், முதலில் வந்து கடைசியில் போகிற மனிதர் என்று துறைத் தலைவர் என்னைக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார், கையோடு காலைத் தேர்வு மேற்பார்வை மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார். நானும் ஒரு கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை தேர்வு, பிள்ளைகள் எனக்கும் முன்னால் வந்து ஆசிரியர்கள் இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பின்னால் எடுத்தேன், ஒரு ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டேன். பதறி இறங்கினால் அதற்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில் ஒரு மாணவி, ஹெல்மெட்டைப் பூட்டக் குனிந்திருந்தவள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை பாப்பா, ஸ்கூட்டரை அவளே தூக்கி நிறுத்தினாள். திட்டியிருந்தால் தேவலை, சார் உங்களுக்குக் கண்ணு சரியா தெரியலையா, வீட்டுல யாருக்காவது தெரியுமா என்று மெதுவாகக் கேட்டாள். என் பொண்ணுக்குத் தெரியும்மா என்றேன்.

அன்றைக்கே அம்மாவிடம் எல்லாம் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டேன், அவள் திட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. இப்போது பல்கலைக்கழக பஸ்தான், நான் மார்க் குறைத்த பிள்ளைகள்தான் முதலில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், எந்த முகத்தோடு உட்காருவது என்று தெரியவில்லை. நீ சொன்னதுதான் நியாயம். பயத்தை மறைக்கத்தான் அன்றைக்கு அவ்வளவு சத்தம் போட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டேன், இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம், வருகிற பன்னிரண்டாம் தேதி முதல் ஆபரேஷன், சின்ன விஷயம்தான் என்கிறார் டாக்டர், அவருக்குச் சின்ன விஷயம்தான்.

நீ ரோட்டைக் கடக்கும்போது போனைப் பார்க்காதே, என்னைப் போல ஒரு கிழவன் எதிரே ஓட்டிக்கொண்டு வருவான். நோய்நொடி இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். தேதியை மட்டும் குறித்துவைத்துக்கொள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் கூட வருபவர் என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதப் போனேன், ஊசியைப் பார்த்தாலே எனக்கு முன்னால் மயங்கி விழுகிறவள் அவள். உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன் பாப்பா, உன்னைக் கேட்கவில்லை.

ஆசிகளுடன்,
உன் அப்பா