வாளிக்குள் ஒரு ஜீப்

அண்ணி,

இன்று காலை டேபிள் ஃபேனைக் கழற்றித் துடைத்தோம். இறக்கைக்கு நடுவில் இருக்கும் மூடியை மருமகள் கால் மணி நேரமாக இடப்பக்கம் திருகிக்கொண்டிருந்தாள். "ஜாம் ஆயிடுச்சு அத்தை, சுத்தியால தட்டவா?" என்றாள். வாங்கி வலப்பக்கம் ஒரு திருகு திருகினேன், கையோடு வந்துவிட்டது. "எப்படி அத்தை தெரியும்?" என்று கேட்டாள். "தெரியும்" என்றேன். அவளிடம் வேறு என்னத்தைச் சொல்வது.

நீங்கள் போய் இன்றோடு பத்தொன்பது நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூக்கம் வருகிறது, சாயங்காலம் சீரியல்கூடப் பார்க்கிறேன். துக்கம் கேட்க வந்த ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணிதானே, கூடப் பிறந்தவங்களா என்ன" என்று எனக்காக அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு போனாள். அவளை அதட்டக்கூடத் தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குப் பிடிபடும்.

உங்கள் வீட்டுக்காரர், என் சின்னண்ணா, ராணுவத்தில் கழித்துப்போட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து, நம் சிட்லபாக்கம் வீட்டுப் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு நிறுத்தினார். எண்பத்தி நாலோ, எண்பத்தி ஐந்தோ. உலகப் போர்க் காலத்து வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதன் அடியில் படுத்துக்கொள்வார். எதைக் கழற்றினாலும் அதன் நட்டு போல்ட்டை ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு, மேலே சாக்பீஸால் எழுதிவைப்பார். பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் என்று வரிசையாக இருபத்திரண்டு டப்பா. வண்டி மொத்தமும் டப்பாவுக்குள் போன சமயத்தில், ஒரு திங்கட்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அப்போது உங்களுக்கு முப்பத்தொரு வயசு. குழந்தை இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்குப் பலகாரம் எடுத்துவைக்க டப்பா போதவில்லை. அம்மா நேரே கொட்டகைக்குப் போனாள். இருபத்திரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் கவிழ்த்தாள். சபீனா போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு அது வெறும் இரும்புக் குப்பை. நீங்கள் கொட்டகை வாசலில் நின்று அந்த வாளியைப் பார்த்தீர்கள். அதற்கு நீங்கள் கத்தியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

பெரியண்ணாதான் பேச்சை ஆரம்பித்தார். "வருஷத் திதி முடியட்டும். காயலான் கடைக்காரனை வரச் சொல்லி இதை எடுத்துட்டுப் போகச் சொல்றேன். நீ பின்னாடி ரூம்ல இரு, அம்மாவுக்கும் ஒரு துணை ஆச்சு."

"அதுக்குள்ள வண்டி ஓடிச்சுன்னா?" என்றீர்கள்.

பெரியண்ணா சிரித்தார். "ஓடிச்சுன்னா நீயே ஓட்டிக்கோம்மா. நான் ஏன் குறுக்க வரப்போறேன்?"

வாய் தவறி விட்ட வார்த்தை. நீங்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். அந்த ஜீப் ஓடினால் உங்களுக்குப் பின்கட்டு அறை இல்லை. ஓடாவிட்டால் காலம் முழுக்க அந்த அறைதான்.

நான் பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். எனக்கு லீவு ஞாயிறு மட்டும்தான். வாளியைத் தரையில் கொட்டி, பழைய பேப்பர் விரித்து, அளவுவாரியாகப் பிரிக்கவே நமக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. சின்னண்ணா விட்டுப்போனது ஒரு ஸ்பானர் செட்டு, சுத்தி, ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர். ஜாக்கி கிடையாது. சவுக்குக் கட்டையை நெம்புகோலாக வைத்து நீங்கள் அழுத்த, நான் அடியில் செங்கல்லைத் தள்ளுவேன். கைக்குக் கையுறையா, ஒன்றா? அண்ணாவின் காக்கிச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, ரேஷன் கெரசினில் பல் துலக்கும் பிரஷ்ஷை முக்கித் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். "புருஷன் போய் வருஷம் திரும்பல, கையெல்லாம் கிரீஸு. அடுப்புக்கு இருக்கிற எண்ணெயும் போச்சு" என்று அம்மா ஜன்னல் வழியாகப் புலம்புவாள். "ஆச்சு அத்தை, முடிஞ்சுடும்" என்பீர்கள். முடியாது என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒருநாள் எஞ்சின் வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். வால்வில் பொருத்திய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மோர் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். உருட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "அவர் கழட்டறப்போ காபியைக் குடுத்துட்டு உள்ள போயிடுவேன்டி. கொஞ்சம் நின்னு பாத்திருக்கலாம்." உங்கள் புலம்பல் என்று நான் கேட்டது அது ஒன்றுதான்.

இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றிய நாளை மறப்பேனா. வலப்பக்கம் இரண்டும் சமர்த்தாகக் கழன்றுவிட்டன. இடப்பக்கத்தில் ஒரு நட்டுகூட அசையவில்லை. கெரசின் ஊற்றினோம், சுத்தியால் தட்டினோம். கடைசியில் இரண்டு பேரும் ஸ்பானர்மேல் ஏறியே நின்றோம். படீர் என்றது. நட்டோடு போல்ட்டும் முறிந்து கீழே விழுந்தது. நமக்குத்தான் புத்தி இல்லையே, அடுத்ததிலும் ஏறி நின்றோம். அதுவும் போயிற்று. பக்கத்துத் தெருவில் கிரில் கேட் வெல்டிங் செய்யும் பாயைப் போய் அழைத்து வந்தேன். குனிந்து பார்த்தார், போல்ட்டு முனையை விரலால் துடைத்தார்.

"இன்னாம்மா இது! ரெண்டு பேரும் ஏறி நின்னு டைட்டு பண்ணிகினு கீறீங்க. இது லெஃப்ட்டு த்ரெட்டும்மா. இந்தாண்ட ரெண்டு சக்கரத்துக்கும் எல்லாம் தலைகீழ். பாரு, முனையில எல்லுன்னு எழுத்து போட்டுகீது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். சிரிக்க ஆரம்பித்தீர்கள். பாய் முன்னால், அம்மா ஜன்னலில் நிற்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். சின்னண்ணா போனபிறகு அதுதான் முதல் சிரிப்பு. "நமக்குத்தான் பலம் இல்லன்னு நெனச்சேன் பாரு" என்றீர்கள். எனக்கு உங்களை அவ்வளவு பிடித்திருந்தது அண்ணி. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் சமயம்தான் எனக்குப் படப்பையிலிருந்து வரன் வந்தது. எனக்கு இஷ்டமில்லை. அந்த மனுஷர்மேல் குறை ஒன்றும் இல்லை, பின்னால் அவரையேதான் கட்டிக்கொண்டேன், நல்லவர்தான். ஆனால் அப்போது இஷ்டமில்லை. உங்களுக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு பிள்ளைகள் ஹாஸ்டலில் வார்டன் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தங்க அறையும் உண்டு. "நானும் உங்ககூட வந்துடறேன் அண்ணி. அங்கேர்ந்து பஸ்ல வேலைக்குப் போய்க்கறேன்" என்றேன்.

ஸ்பானரைக் கீழே வைத்தீர்கள். "சும்மா சொல்லாத."

"சும்மா சொல்லல."

மறுநாளே ஹாஸ்டலுக்கு எழுதி, அறையில் இரண்டு கட்டில் போடச் சொன்னீர்கள்.

திதிக்குப் பத்து நாள் இருக்கும்போது வண்டி கிளம்பியது. செல்ஃப் மோட்டார் வேலை செய்யவில்லை. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அதே நேரத்தில் உள்ளே ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். சுற்றுவது நான், மிதிப்பது நீங்கள். "கட்டை விரலை மடக்காத, திருப்பி அடிச்சா கை போயிடும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள். எத்தனையாவது சுற்றிலோ பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை. அம்மா ஓடி வந்து, என்ன தோன்றியதோ, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாம் இரண்டு பேரும் கத்தியது ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். ஒரே ஒரு குறை: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடும். கார்புரேட்டரை எத்தனை தடவை கழற்றிப் பூட்டியும் அது சரியாகவில்லை. அணைந்தால் மறுபடி நான் முன்னால் போய்ச் சுற்ற வேண்டும்.

திதி முடிந்தது. பெரியண்ணா, "பொம்பளை தனியா ஜீப்பை ஓட்டிட்டுப் போய் எங்கேயோ இருக்கிறதா? ஊர் என்ன பேசும்?" என்றார். "நீங்கதானே சொன்னீங்க, ஓடிச்சுன்னா ஓட்டிக்கோன்னு" என்றீர்கள். அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கிவைத்திருந்தீர்கள் என்பது அன்றுதான் அவருக்குத் தெரியும்.

கிளம்பிய காலை நான்தான் சுற்றினேன். நாலாவது சுற்றில் பிடித்தது. வண்டியை மெதுவாக கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினீர்கள். பின்னால் உங்கள் டிரங்குப் பெட்டி.

"உன் பெட்டி எங்கடி?"

"எடுத்துட்டு வரேன் அண்ணி."

உள்ளே போனேன். பெட்டி தயாராக இருந்தது, முந்தின நாளே கட்டிவைத்தது. அதன்மேல் உட்கார்ந்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை. பெரியண்ணா மாடியில் இருந்தார், அம்மா அடுப்படியில் இருந்தாள். வெளியே எஞ்சின் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "ஏய், வாடி!" என்று கூப்பிட்டீர்கள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பிறகு கியர் விழுந்த சத்தம் கேட்டது. வண்டலூர் வழியாகப் போய், ஹாஸ்டல் வாசலில் காலை எடுத்ததும் வண்டி அணைந்து, கிளப்ப ஆளில்லாமல் ஒரு வாரம் அங்கேயே நின்றதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

என் கல்யாணத்துக்கு பஸ்ஸில் வந்தீர்கள். என் பிள்ளை பிறந்தபோது வந்தீர்கள். ஹாஸ்டலுக்கு வேன் வாங்கும்வரை பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த ஜீப்பில்தான் அரிசி மூட்டை ஏற்றினீர்கள், காய்ச்சல் கண்ட பிள்ளைகளை டாக்டரிடம் கொண்டுபோனீர்கள். ஏன் வரவில்லை என்று என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரியண்ணாவுக்குப் பயம், அம்மா பாவம் என்று எதையாவது சொல்லியிருப்பேன். அதெல்லாம் பொய். நீங்கள் உள்ளே வந்து என் கையைப் பிடித்து இழுப்பீர்கள் என்று உட்கார்ந்திருந்தேன். இழுத்திருந்தால் வந்திருப்பேன். "அண்ணிதான் இழுத்துட்டுப் போனாங்க" என்று பழியையும் உங்கள் தலையில் கட்டியிருப்பேன். உங்களால் இறங்கி வர முடியாது என்பது இந்த உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டேதான் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. இருபத்தைந்து நிமிஷம் அண்ணி. ஒரு தடவைகூட நீங்கள் காலை எடுக்கவில்லை.