கத்திப் பிடியில் ஒரு பள்ளம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

நீ பெட்டியில் வைத்துக் கொடுத்த மடக்குக்கத்தியின் பிடி உடைந்துவிட்டது. கம்பெனிப் பட்டறையில் மரத்துண்டு கேட்டு வாங்கிவந்து, அறையிலேயே இரண்டு பக்கத்துக்கும் பலகை அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுப் பொருத்தினேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், வலப்பக்கப் பலகையில் பெருவிரல் அழுந்தியது போல ஒரு பள்ளம். தேய்த்துச் சமன் செய்தேன். திரும்பவும் அதே இடத்தில் வந்தது. வேறு மரம் போட்டேன், அதிலும் வந்தது. அறைக்கு ஒரே சாவி. அது என்னிடம்தான் இருக்கிறது.

பட்டறைத் தச்சரிடம் காட்டினேன். "மரம் சுருங்கும்ப்பா, விடு" என்றார். பிறகு வலது கையில் பிடித்துப் பார்த்தார், பெருவிரல் பள்ளத்தில் படவில்லை; இடது கைக்கு மாற்றியதும் சரியாக அதன்மேல் வந்தது. "ஆமா, உன் ரூம்ல இடதுகைக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

சிரித்து மழுப்பிவிட்டேன். நீ பயப்படாதே. பள்ளம் சின்னது, என் விரல் அதில் அடங்கவில்லை. நேற்று தொட்டபோது அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

எனக்குத் தெரிந்த இடதுகைக்காரி நீ ஒருத்திதான். பதில் கடிதத்தின் அடியில் உன் பெருவிரலை மையில் தோய்த்து வைத்து அனுப்பு. மறந்துவிடாதே. கம்பெனி பஸ் வந்துவிட்டது.

அது உன் விரலாக இருந்துவிட்டால் எனக்குப் பயமே இல்லை.

உன் வீட்டுக்காரன்