மைலோ, பஞ்சாமிர்தம், தீர்த்தம்

20 ஜனவரி 2025, திங்கள்

காலையில் வரவேண்டிய இரண்டு பேரும் வரவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சும் விழுங்குவதும் பழக்குகிறவள், ஜாசினில் லிப்ட் இல்லாத கட்டடத்தின் மாடியில் கிளினிக் திறந்திருக்கிறேன். இதற்கு ஒன்பது வருடம் ஆஸ்பத்திரி அனுபவம் வேறு! அதனால்தான் பாதி நாள் காரில் ஓடுகிறது.

மதியம் நியாலாஸ் ஊருக்குப் போனேன். புது ஆள், பிச்சைமுத்து அங்கிள். அறுபத்திரண்டு வயது, செம்பனைப் பழ லாரி ஓட்டியவர். நவம்பரில் பக்கவாதம். கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன, விழுங்குவது மட்டும் திரும்பவில்லை. மூக்கில் குழாய், அதன் வழியாகத்தான் சாப்பாடு எல்லாம். இரண்டு முறை அவரே பிடுங்கி எறிந்திருக்கிறார்.

வாசலிலேயே மீனம்மா அண்ட்டி, அவர் மனைவி, பிடித்துக்கொண்டார்.

"பேச்சு டீச்சருங்களா? அவருக்குப் பேச்சு வருது டீச்சர், பேசத்தான் மாட்டேங்குறாரு. சோறுதான் எறங்கல. அதுக்கு எந்த டீச்சரப் பாக்கணும்?"

"அதுக்கும் நான்தான் அண்ட்டி."

நம்பவில்லை. யாரும் நம்புவதில்லை. நாக்கும் தொண்டையும் பேச்சுக்கு மட்டும்தான் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு எண்ணம்.

மகள் தேவிஸ்ரீ புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். இன்று லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு காத்திருந்தாள். மார்ச் 27-இல் எக்ஸ்ரே வைத்து விழுங்கும் சோதனை. அதில் தேறாவிட்டால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரக் குழாய். அவள் படித்துச் சொல்லும்போதே அங்கிள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார். "வயித்துல ஓட்ட வேணாம்" என்றார். தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். எச்சில்கூடச் சரியாக இறங்காமல் குரல்வளை மேலேயே நிற்கிறது. அந்த ஈரக் குரலைக் காயவைப்பதுதான் என் வேலை.

கிளம்பும்போது ஒரு கூத்து. அவர்கள் வீட்டுச் சந்து ஒரு கார் அகலம். நான் ரிவர்ஸ் எடுக்க, ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை காற்றில் சுழல்கிறது. வா, வா, ஸ்டியரிங்கை ஒடி, நிறுத்து.

"அப்பா உங்களுக்குக் கொஸ்தான் பாக்குறாரு டீச்சர். யாரு ரிவர்ஸ் எடுத்தாலும் அவரால சும்மா இருக்க முடியாதுலா" என்று தேவிஸ்ரீ சிரித்தாள்.

லாரிக்காரர் அகராதியில் ரிவர்ஸ் என்றால் கொஸ்தான். அவர் கையைப் பார்த்தே வெளியே வந்தேன். கண்ணாடி உரசவில்லை. அந்தக் கைக்கு இன்னும் வேலை செய்ய ஆசை இருக்கிறது.

22 ஜனவரி, புதன்

இன்று செய்த மடத்தனத்தை எழுதியே ஆகவேண்டும்.

முதல் முறையாக வாய்வழி கொடுத்துப் பார்க்கும் நாள். பாலில் கெட்டியாக்கும் பவுடரைக் கலந்து, அங்கிளைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனேன். பின்னால் ஒரு அலறல். மீனம்மா அண்ட்டி தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டுக் கதவும்.

படுக்கையில் கிடக்கிற மனுஷனுக்கு ஸ்பூனில் பால்!

நானும் தமிழச்சிதானே. உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறவர் வாயில் பால் ஊற்றுவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்? வெள்ளைக் கோட்டுப் போட்டதும் அதெல்லாம் எங்கே போயிற்று?

ஸ்பூனைக் கீழே வைத்தேன். "அண்ட்டி, வீட்ல மைலோ இருக்கா?"

இருந்தது. மைலோ வெறும் சாக்லேட் பானம், அதற்கு எந்தச் சடங்கும் இல்லை.

24 ஜனவரி, வெள்ளி

அரை ஸ்பூன் கெட்டி மைலோ, ஐந்து தடவை. இருமல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பிறகு "ஆ" சொல்லச் சொல்லிக் கேட்டேன், குரலில் பாதிதான் ஈரம்.

3 பிப்ரவரி, திங்கள்

விழுங்குவதற்கு அவரிடம் பலம் இருக்கிறது, நேரம் தவறுகிறது. அழுத்தவேண்டிய நொடியில் அழுத்தமாட்டேன் என்கிறார். இரண்டு வாரமாக என் பாடப்புத்தகத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன். இன்று சலித்துப்போய், "அங்கிள், பழம் ஏத்துன லாரி மேட்டுல ஏறுது. எந்த கியர்?" என்றேன். ஒற்றை விரலைக் காட்டினார். "தாடைய நெஞ்சுக்கு எறக்குங்க. மொத கியர் போட்டு அழுத்துங்க."

அழுத்தினார். தொண்டை மேலே ஏறி இறங்கியதை என் விரலில் உணர்ந்தேன். அப்படியே துள்ளிக் குதித்திருப்பேன், மரியாதைக்கு உட்கார்ந்திருந்தேன்.

கூடாதவை பட்டியல் ஒன்று எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். தண்ணீர், தேநீர், காப்பி, ரசம், பால், இளநீர், சூப். நீர்த்த எதுவும் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக்கூடாது, போனால் நுரையீரலுக்குத்தான் போகும். அண்ட்டி ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். அவர் சொன்னால் சொன்னபடி செய்கிறவர். அந்த விஷயத்தில் எனக்குக் கவலையே இல்லை.

10 பிப்ரவரி, திங்கள்

அங்கிள் ஆஸ்பத்திரியில். சனிக்கிழமையிலிருந்து காய்ச்சல், நெஞ்சில் சளி, நுரையீரலில் தொற்று. எதுவோ தப்பான வழியில் இறங்கியிருக்கிறது. என் மைலோவா? என் மைலோதானா?

11 பிப்ரவரி, செவ்வாய்

எல்லாக் குறிப்பையும் திரும்பப் படித்தேன். எங்கே தப்பு? ஒன்றும் புரியமாட்டேங்குது.

12 பிப்ரவரி, புதன்

புரிந்துவிட்டது.

வார்டுக்குப் போனேன். அங்கிள் ஆக்ஸிஜனோடு கண்ணை மூடிக் கிடந்தார். அண்ட்டி கைப்பையிலிருந்து ஒரு சின்ன போத்தலை எடுத்தார். பச்சைக் கற்பூர வாசனை. ஸ்பூனில் ஊற்றி அவர் உதட்டுக்குக் கொண்டுபோகும்போது கையைப் பிடித்துவிட்டேன்.

"அண்ட்டி! தண்ணி!"

"தண்ணி இல்ல டீச்சர். தீர்த்தம்."

ஒவ்வொரு வெள்ளியும் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்து ஒரு ஸ்பூன். "தண்ணி ஒரு சொட்டுக் குடுக்கல டீச்சர், அம்மா சத்தியமா" என்றார். அவர் சொன்னது பொய்யே இல்லை. பட்டியலில் தண்ணீர் இருந்தது, கொடுக்கவில்லை. தீர்த்தம் இல்லை, கொடுத்தார். ஏழு வரி எழுதினேனே, எட்டாவது வரி ஏன்டி எழுதல? நானும்தான் வாராவாரம் கையேந்தி வாங்கிக் குடிக்கிறேன். ஒருநாளாவது அதைத் தண்ணீர் என்று நினைத்திருப்பேனா?

வெளியே வந்ததும் தேவிஸ்ரீ அழுதாள். "அம்மாவாலதானே டீச்சர் இப்படி ஆச்சு?"

"அம்மாவால இல்ல. என்னால. என் பட்டியல்தான் தப்பு."

சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது. உள்ளே திரும்பிப் போனால் அண்ட்டியின் கேள்வி காத்திருந்தது. "அம்மன் தீர்த்தம் எப்படி டீச்சர் கெடுதல் பண்ணும்?"

24 பிப்ரவரி, திங்கள்

அங்கிள் வீடு திரும்பிவிட்டார். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். மைலோவைக் காட்டினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். நான் காரை எடுக்கும்போது ஜன்னலில் கை வரவில்லை. கேட்டில் இடித்தேன்.

சோதனைக்கு முப்பத்தோரு நாள். வேறு யாரிடமாவது அனுப்பிவிடட்டுமா? யாரிடம் அனுப்புவது? நியாலாஸ் வரை யார் வருவார்கள்?

28 பிப்ரவரி, வெள்ளி

இன்று கோயிலுக்கே போய்விட்டேன். பூசாரி சாமிநாதன் அண்ணன் பகலில் மில்லில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். அவரிடம் என் பவுடர் டப்பாவைக் காட்டி, தீர்த்தத்தில் இதைக் கலக்கலாமா, குற்றமா என்று கேட்டேன். அண்ட்டி பக்கத்தில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா பவுடரு?"

"நீர்த்துப்போனா நெஞ்சுக்குள்ள எறங்கிடுது அண்ணே. அவருக்கு எதுவும் கெட்டியா இருந்தாத்தான் நல்லது. கெட்டியா, வழவழன்னு, கட்டி இல்லாம."

என்னை ஒரு பார்வை பார்த்தார். மக்கு மாணவியைப் பார்க்கிற பார்வை.

"அதுக்குப் பேருதான் பஞ்சாமிர்தம்மா."

ஒன்பது வருட அனுபவம்! பட்டம் சுவரில் மாட்டியிருக்கிறது! கெட்டியான, வழவழப்பான, கடிக்க வேண்டாத உணவு. ஆஸ்பத்திரியில் இதற்கு எண் போட்டு வகை பிரித்துத் தனிப் பாடமே எடுத்தேன். ஒருதடவைகூட இது தோன்றவில்லை.

கற்கண்டு வேண்டாம், பேரீச்சம்பழத் தோல் வேண்டாம் என்றேன். "கற்கண்டு இல்லாம என்ன பஞ்சாமிர்தம்" என்று முனகிக்கொண்டே, தனியாக ஒரு கிண்ணத்தில் மசித்து, சல்லடையில் தேய்த்து எடுத்து, அம்மன் முன்னால் வைத்துக் கொடுத்தார். அண்ட்டியின் முகம் இரண்டு வாரத்துக்குப் பிறகு தெளிந்தது. அங்கிளுக்குச் சர்க்கரை வியாதி இல்லை, அந்த மட்டும் தப்பித்தேன்.

வீட்டில் அண்ட்டியே ஸ்பூனைப் பிடித்தார். "கோயில்லேருந்துங்க" என்றார். அவ்வளவுதான். அங்கிள் வாயைத் திறந்தார்.

தாடை இறங்கியது. முதல் கியர். தொண்டை ஏறி இறங்கியது. நான் "ஆ" கேட்பதற்குள் அவரே "ஆ" என்றார், போதுமா என்கிற மாதிரி.

ஐஸ்பெட்டிப் பட்டியலில் எட்டாவது வரியாகத் தீர்த்தத்தை எழுதினேன். "இப்போதைக்கு" என்று பக்கத்தில் ஒரு சொல் சேர்த்தவர் அண்ட்டி.

17 மார்ச், திங்கள்

ஒரு நாளைக்கு அறுபது விழுங்கல் என்று சொல்லியிருந்தேன். எண்பது செய்கிறாராம். "டிரிப்பு கணக்கு மாதிரி சொவத்துல கோடு போடுறாரு டீச்சர், புதுப் பெயிண்ட்டு" என்று தேவிஸ்ரீ குறைப்பட்டாள். குறைப்படுகிற முகமா அது? ஜன்னலில் கை வந்துவிட்டது.

26 மார்ச், புதன்

நாளைக்கு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

27 மார்ச், வியாழன்

முதலில் முடிவு: தேறிவிட்டார். தேறிவிட்டார், தேறிவிட்டார்!

எக்ஸ்ரே அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க என்னை அனுமதித்தார்கள். எக்ஸ்ரேயில் தெரியும்படி வெள்ளை மருந்து கலந்த கூழ், பிறகு கெட்டிப் பானம். திரையில் வெள்ளைக் கோடு நேராக உணவுக்குழாயில் இறங்கியது. கடைசியில் அதே மருந்து கலந்த நீர், கெட்டியாக்காமல். முதல் மிடறின் ஓரம் தப்பான வழியில் எட்டிப் பார்த்தது. உடனே இருமி வெளியே தள்ளிவிட்டார். முடிவை எழுத டாக்டர் பேனாவை எடுத்தார்.

"ஒரே ஒரு தடவை, டாக்டர்" என்றேன். மைக்கைக் கொடுத்தார்.

"அங்கிள், மேடு வருது. தாடைய எறக்குங்க. மொத கியர்."

இறக்கினார், அழுத்தினார். வெள்ளைக் கோடு மயிரிழைகூட விலகவில்லை. இன்னொரு மிடறு, அதுவும் அப்படியே.

"போலே" என்றார் டாக்டர் மலாயில். முடியும். அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு மாதம். வயிற்றில் துளை வேண்டாம். நீர் மட்டும் ஒரு மாதத்துக்கு என் பார்வையில், மிடறு மிடறாக.

வெளியே மீனம்மா அண்ட்டி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், சந்தோஷமாகத்தான்.

28 மார்ச், வெள்ளி

குழாயை எடுத்துவிட்டார்கள். அங்கிள் மூக்கைத் தடவித் தடவிப் பார்க்கிறார்.

14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு. காலையில் போன் வந்தது, எடுத்தால் அங்கிள். "டீச்சர். இட்டிலி." அவ்வளவுதான், வைத்துவிட்டார். சாம்பாரில் ஊறவைத்து மசித்த இட்லி, ஒன்றரை. ஈரமில்லாத குரல்.

அடுத்த வாரத்திலிருந்து மாடிக் கிளினிக்கை மூடிவிட்டுக் கீழ்க்கடைக்கு மாறுகிறேன். கண்ணாடிக் கடைக்காரர் காலி செய்கிறார். அங்கிள் போன் பண்ணிய துணிச்சலில் இன்றே சரி சொல்லிவிட்டேன்.

4 மே, ஞாயிறு

தோட்டத்துக் கோயில் திருவிழா. அண்ட்டி அழைத்திருந்தார். நான் போனதற்குக் காரணம் வேறு. போன வாரத்தோடு ஒரு மாதம் முடிந்தது, ஐஸ்பெட்டியின் எட்டாவது வரியை நானே அடித்திருந்தேன்.

வரிசையில் எனக்கு முன்னால் அங்கிள், வெள்ளை வேட்டியில், கைத்தடியோடு. தேவிஸ்ரீ ஒரு பக்கம், அண்ட்டி ஒரு பக்கம். சாமிநாதன் அண்ணன் தீர்த்தம் விடும் உத்தரணியை எடுத்தவர், என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அங்கிள் தடியை மகளிடம் கொடுத்துவிட்டுக் கையைக் குழித்து நீட்டினார்.

எல்லோரும் அண்ணாந்து வாயில் விட்டுக்கொள்கிறார்கள். அவர் மட்டும் தாடையை நெஞ்சுவரை இறக்கி, குனிந்து, உள்ளங்கையிலிருந்து உறிஞ்சினார். பார்த்தவர்களுக்கு அது பக்தி. முதல் கியர் என்பது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். அண்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை, அவர் தொண்டையையே பார்த்தேன். ஏறியது, இறங்கியது.

மேளச் சத்தம் காதைப் பிளக்க, பழக்க தோஷத்தில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். "அங்கிள், 'ஆ' சொல்லுங்க."

அவர் மீதி ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். அந்த மேளத்துக்கும் மேலே, துடைத்துவைத்த மாதிரி ஒரு குரல்:

"கொஸ்தான் டீச்சர், கொஸ்தான்! பின்னால எத்தன பேரு நிக்கிறாங்க!"